வாரம் திங்கட்கிழமையில்தான் தொடங்க வேண்டும்

எனக்கு அபிப்பிராயங்கள் அதிகம். ஆபீஸில் எனக்கு வைத்த பெயர் விதண்டா. முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், அப்புறம் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். நானும் கோபித்துக் கோபித்துச் சலித்துப்போய், இணையத்தில் கணக்குத் தொடங்குகிற இடத்தில் எல்லாம் அதே பெயரைக் கொடுத்துவிட்டேன். இருபத்திரண்டு வருடமாக இணையதளம் எழுதிப் பிழைக்கிறவள், ஃப்ரேம்வொர்க் பற்றி வாயை மூடிக்கொண்டிரு என்றால் எப்படி இருப்பது?

ஃப்ரேம்வொர்க் என்பது பெரிய விஷயமில்லை. ஒவ்வொரு தளத்தையும் அஸ்திவாரத்திலிருந்து கட்டாமல், யாரோ நிறுத்தி வைத்த தூண்களின்மேல் நம் சுவரை எழுப்பிக்கொள்கிறோம், அவ்வளவுதான். வருடத்துக்கு இரண்டு புதிதாக வரும். வரும்போதே, இதுவரை நீங்கள் செய்ததெல்லாம் வீண் என்று சொல்லிக்கொண்டே வரும். பாதிப் பேர் அதை நம்பி ஓடுவார்கள், பாதிப் பேர் பழையதைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். நான் ஓடுகிற கட்சி. எப்போதும் கடைசியாக வந்த பதிப்பில்தான் இருக்க வேண்டும், பழையதில் உட்கார்ந்திருப்பது சோம்பேறித்தனம் என்பது என் அசைக்க முடியாத அபிப்பிராயம். அதனால்தான் ஒரு சனிக்கிழமை நூற்று முப்பது பேரின் உயிரோடு விளையாடிவிட்டேன்.

என் தம்பி ஒரு டயாலிசிஸ் நிலையத்தில் தலைமை டெக்னீஷியன். சிறுநீரகம் வேலை செய்யாதவர்கள் வாரத்துக்கு மூன்று நாள் அங்கே வந்து, ஒரு நாற்காலியில் நாலு மணி நேரம் சாய்ந்திருப்பார்கள். இயந்திரம் அவர்கள் இரத்தத்தைச் சுத்தம் செய்து திருப்பிக் கொடுக்கும். திங்கள், புதன், வெள்ளி ஒரு கூட்டம். செவ்வாய், வியாழன், சனி இன்னொரு கூட்டம். யாருக்கு எந்த நாள், எந்த வேளை, எந்த நாற்காலி என்பதைத் தடித் தடியான பதிவேடுகளில் எழுதி வைத்திருந்தார்கள். இரண்டு வருடத்துக்கு முன் அதற்கு நான் ஒரு தளம் எழுதிக் கொடுத்தேன். என் அக்கா செய்தது, தப்பு வராது என்று தம்பி நிர்வாகியிடம் தலையை அடகு வைத்துச் சொல்லி, பதிவேட்டை மூட வைத்தான்.

தளம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று மாதத்துக்கு முன் எனக்குக் கை அரித்தது. புதிதாக வந்திருந்த ஒரு ஃப்ரேம்வொர்க்கில் முழுவதையும் மறுபடி எழுதினேன்.

"நல்லாத்தானே ஓடுது, ஏன்க்கா நோண்டுற?" என்று தம்பி கேட்டான்.

"உனக்குப் புரியாதுடா. அடியில எல்லாம் பழசாயிடுச்சு."

"நாற்காலிகூடத்தான் பழசு. உக்காந்தா தாங்குது இல்ல?"

அதோடு நிற்காமல் இன்னொரு காரியமும் செய்தேன். அந்தத் தளத்தில் நாள்களைக் கணக்குப் போடுகிற பகுதி நான் எழுதியது அல்ல. அது ஓப்பன் சோர்ஸ். யாரோ ஒருவர் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று காசு வாங்காமல் பொதுவில் வைத்திருந்தார். அதில் புதுப் பதிப்பு வந்தால் என்னைக் கேட்காமலே எடுத்துக்கொள் என்று தளத்துக்குச் சொல்லி வைத்தேன். வந்த மாற்றத்தைப் படித்துப் பார்க்கக்கூட எனக்கு நேரமில்லை, அவ்வளவு பெரிய ஆள்.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குத் தம்பி போன் செய்தான். அவன் குரல் கிசுகிசுப்பாக இருந்தது. பக்கத்தில் யாரோ இருக்கிறார்கள் என்று புரிந்தது.

"அக்கா, அடுத்த வாரப் பட்டியல் எல்லாம் ஒரு நாள் தள்ளி நிக்குது. திங்கள்ல இருக்க வேண்டியவங்க செவ்வாய்ல இருக்காங்க. சனிக்கிழமைக்காரங்க ஞாயித்துக்குப் போயிட்டாங்க. ஞாயிறு நாங்க பூட்டுற நாளு."

"இன்னைக்கு வர வேண்டியவங்க?"

"வந்துட்டாங்க. இந்த வாரத்து லிஸ்ட் வேன்காரங்ககிட்ட போன சனிக்கிழமையே போயிடுச்சு. இன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு அடுத்த வாரத்து லிஸ்ட் போகுது. அதுதான் பயமா இருக்கு."

அந்த ஐந்து மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நோயாளிகளில் பெரும்பாலானவர்களை வீட்டிலிருந்து அழைத்து வருவது ஒரு வேன் நிறுவனம். சனிக்கிழமை மாலை ஐந்துக்கு என் தளத்திலிருந்து பட்டியலை இழுத்துக்கொண்டு, அவர்கள் அலுவலகத்தைப் பூட்டிவிடுவார்கள். பட்டியலில் திங்கட்கிழமை பெயர் இல்லாதவர் வீட்டுக்குத் திங்கட்கிழமை வேன் போகாது.

"வெள்ளிக்கப்புறம் திங்கள் வரைக்கும் தாங்குறதே அவங்களுக்குக் கஷ்டம்" என்றான் தம்பி. "செவ்வாய்னா நுரையீரல்ல தண்ணி கோத்துக்கும். எங்ககிட்ட வர்ற தையல்காரர் ஒருத்தர் இருக்காரு, அவருக்கு நேத்தே மூச்சு வாங்குது. திங்கள் முதல் வேளை அவருக்குப் போடுங்கன்னு டாக்டர் இன்னைக்குக் காலையிலதான் மாத்தினாரு. தனியா இருக்காரு. காதும் கேக்காது, போன் பண்ணா எடுக்க மாட்டாரு. வேன்காரன் கதவைத் தட்டினாத்தான் உண்டு."

"போன வாரத்து நகல் என்கிட்ட இருக்கு. அதை எடுத்து வச்சிடவா?"

"வச்சா அதுக்கப்புறம் டாக்டர் பண்ணின மாத்தம் எல்லாம் போயிடும். அதுவும் போக..." கொஞ்சம் இழுத்தான். "நர்ஸ் ஏதோ தப்பா ஏத்திட்டாங்கன்னு நினைச்சு, நானும் அவங்களும் ஆளுக்கொரு கம்ப்யூட்டர்ல உக்காந்து கையால திருத்த ஆரம்பிச்சிட்டோம். ஒரு நாப்பது பேரைத் திருத்தியிருப்போம். யார் யாருன்னு இப்பக் கேட்டா தெரியாது. மூணு வேளையில முதல் வேளைக்காரங்க மட்டும்தான் எனக்குப் பழக்கம்."

"போனை வைடா, நான் பாக்குறேன்" என்று மட்டும் சொன்னேன்.

முதலில் பழைய பதிப்புக்குத் திரும்பப் பார்த்தேன். நான் ஆசை ஆசையாகக் கொண்டுவந்த புது ஃப்ரேம்வொர்க் பழைய பதிப்பைக் கிட்டவே சேர்க்க மாட்டேன் என்றது. ஒரு மணி நேரம் அதோடு மல்லுக்கு நின்றேன். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னைக்கு யாரோட சண்டை?" என்று கேட்டார். நான் திரும்பிப் பார்த்த பார்வையில் காபியை மேஜையில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்விட்டார்.

பதினோரு மணிக்கு, வேறு வழியில்லாமல், அந்த நாள் கணக்குப் பகுதியைப் பயன்படுத்துகிறவர்கள் கூடிப் பேசுகிற இணையப் பக்கத்துக்குப் போனேன். போனவுடன் மரியாதையாகவா கேட்டேன்? "உங்கள் புதுப் பதிப்பு ஒரு டயாலிசிஸ் நிலையத்தின் பட்டியலையே குலைத்துவிட்டது. சோதித்துப் பார்த்துவிட்டு வெளியிடும் பழக்கம் உண்டா இல்லையா?" என்று எழுதினேன். பயத்தில் இருக்கும்போது எனக்கு இப்படித்தான் வரும்.

பத்து நிமிடத்தில் ஒரு பதில் வந்தது. எழுதியவர் ஒரு பேருந்துப் பணிமனையில் ஓட்டுநர்களுக்கு யார் எந்த நாள் என்று முறை போடுகிற பெண். என் காரமான வார்த்தைகளை அவர் கண்டுகொள்ளவே இல்லை.

"எனக்கும் நேத்து இதேதான் நடந்துச்சு" என்று எழுதியிருந்தார். "முன்னாடி வாரம் ஞாயித்துக்கிழமையில தொடங்குற மாதிரி எண்ணிட்டு இருந்தாங்க. இப்ப திங்கட்கிழமையில தொடங்குது. அதான் எல்லாம் ஒரு நாள் நகர்ந்துடுச்சு. பழையபடி ஞாயித்துலயே தொடங்குன்னு ஒரு வரி போட்டா திரும்பிடும். ஆனா போடாதீங்க. முதல்ல ஒண்ணு சொல்லுங்க, நகர்ந்ததுக்கப்புறம் யாராவது கையால திருத்தினாங்களா?"

நான் விரலை அந்த ஒரு வரியின்மேல் வைத்துக்கொண்டு இருந்தேன், அடிக்க வேண்டியதுதான் பாக்கி. கையெடுத்தேன். நாற்பது பேர் என்று எழுதினேன்.

"அப்ப கண்டிப்பா போடாதீங்க. திருத்தாதவங்க சரியாயிடுவாங்க, திருத்தினவங்க ஒரு நாள் முன்னாடி போயிடுவாங்க. நான் யோசிக்காம போட்டுட்டேன். இன்னைக்குக் காலையில ஏழு பஸ்ஸுக்கு ஓட்டுநரே இல்ல. பட்டியல்ல இன்னைக்குப் பேர் இல்லன்னு அத்தனை பேரும் சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயாச்சு."

ஒரு நாள் முன்னால் என்றால், திங்கட்கிழமைக்குத் திருத்தியவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குப் போவார்கள். தையல்காரர் பூட்டிய கட்டடத்தின் வாசலில் வேனிலிருந்து இறங்குவார். திங்கட்கிழமை அவர் வீட்டுக் கதவை யாரும் தட்ட மாட்டார்கள். முன்பின் தெரியாத ஒரு பெண், நான் கத்தியதற்குப் பதிலாகத் தன் தவறைச் சொல்லி என் கையைப் பிடித்து நிறுத்தியிருந்தார். நன்றி என்று எழுதினேன். போதவில்லை என்று தோன்றியது.

ஆனால் திருத்திய நாற்பது பேர் யார் என்று எப்படிப் பிரிப்பது? அது அவருக்கும் தெரியவில்லை. "இதை எழுதினவரைத்தான் கேக்கணும். வருவாரு, கொஞ்சம் பொறுங்க" என்றார்.

பொறுத்திருந்த நேரத்தில்தான், முதல் நாளே படித்திருக்க வேண்டிய, புதுப் பதிப்போடு வந்த மாற்றக் குறிப்பைத் திறந்தேன். முதல் வரியிலேயே இருந்தது. "வாரம் இனித் திங்கட்கிழமையில் தொடங்கும். இதற்காக நாற்பத்திரண்டு பதில் வரை விடாமல் வாதாடிய விதண்டாவுக்கு நன்றி."

மூன்று தடவை படித்தேன். உலகத்தில் வேறு விதண்டா இருக்கக் கூடாதா என்று ஒரு நப்பாசை. அந்தப் பெயரை அழுத்தினால் மூன்று வருடத்துக்கு முந்தைய அந்தச் சண்டையே திறந்தது. அதே பக்கத்தில், இந்த நாள் கணக்கை எழுதிய ஆளிடம், நான்தான் ஆரம்பித்திருந்தேன். வேலை செய்கிற மனிதர்களுக்கு வாரம் திங்கட்கிழமையில்தான் தொடங்குகிறது, ஞாயிற்றில் தொடங்குவது மடத்தனம் என்று ஆரம்பித்து, பாதி வழியில் கிண்டலுக்குப் போய், கடைசியில், "ஒரு எண்ணை மாற்ற இத்தனை யோசனையா? சோம்பேறித்தனத்துக்கு நீங்கள் வைத்த பெயர் பொறுப்பா?" என்று எழுதிவிட்டு வெளியேறியிருந்தேன். அவர் கடைசியாக எழுதியது ஒரே வரி. "நீங்க சொல்றது சரிதான், ஆனா யோசிக்கணும்." அதற்கு நான் பதில்கூடப் போடவில்லை. அப்புறம் வேலை, வீடு என்று சுத்தமாக மறந்தே போனேன். அந்த மனிதரின் நிரலைப் பயன்படுத்துவதை மட்டும் ஒரு நாளும் நிறுத்தவில்லை.

என் பட்டியலைக் குலைத்தது நான் கேட்டு வாங்கிய மாற்றம். கேட்டதும் நான், வந்தபோது படிக்காமல் விட்டதும் நான். வெட்கம் பிடுங்கித் தின்றது. வீட்டுக்காரர் சாப்பாடு கொண்டுவந்து வைத்தார், அப்படியே ஆறியது. தம்பி பன்னிரண்டரைக்கு ஒரு தடவை, ஒன்றே காலுக்கு ஒரு தடவை போன் செய்தான். நிர்வாகி பதிவேடு எங்கே என்று கேட்க ஆரம்பித்துவிட்டாராம்.

இரண்டு மணிக்கு அந்தப் பகுதியை எழுதிய வாத்து வந்தார். அவர் தன் முகத்துக்குப் பதிலாக ஒரு வாத்துப் படம் வைத்திருப்பவர், எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

"இப்பத்தான் கண்ணு முழிச்சேன், இன்னும் பல்லுகூட விளக்கல. டயாலிசிஸ்னு பாத்ததும் உக்காந்துட்டேன்" என்று எழுதினார். "எத்தனை மணிக்குள்ள வேணும்?"

"அஞ்சு. இன்னும் மூணு மணி நேரம் இருக்கு." கொஞ்சம் நிறுத்தி, எழுதித் தொலைத்தேன். "நான்தான் அந்த விதண்டா."

"தெரியும்ங்க. பேரு மேலயே இருக்கு. முதல்ல பட்டியலைப் பாப்போம்."

அவர் சொன்ன இடத்தில் தேடினேன். ஒவ்வொருவர் பதிவின் ஓரத்திலும், நான் இதுவரை எட்டிப் பார்க்காத மூலையில், ஒரு சின்னக் குறி இருந்தது. சிலவற்றில் மட்டும். புதுப் பதிப்பு வந்தபின் சேமித்த ஒவ்வொரு பதிவிலும் இது புதுக் கணக்கு என்று அந்தக் குறி சொன்னது. குறி இல்லாதது பழைய கணக்கு. எண்ணிப் பார்த்தேன், நாற்பத்து மூன்று பதிவுகளில் இருந்தது. தம்பியும் நர்ஸும் டாக்டரும் தொட்ட அத்தனை பேரும் அதில் வரிசையாக வந்தார்கள். ஐந்தாவது பெயர் தையல்காரர். அவர் கதையை வாத்துக்கு எழுதினேன்.

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைப்பானேன். "இதை ஏன் போட்டு வச்சீங்க?" என்று கேட்டேன்.

"நீங்க மாத்தச் சொன்னப்பவே மாத்தியிருக்கலாம், அஞ்சு நிமிஷ வேலை. ஆனா மாத்தினா எங்கயாவது ஒருத்தரோட பட்டியல் நகரும். அவங்க பதட்டத்துல கையால திருத்துவாங்க. திருத்தினது எது, திருத்தாதது எதுன்னு அப்புறம் பிரிக்கவே முடியாது. அவங்களுக்கு ஒரு வழி வச்சிட்டுத்தான் மாத்தணும்னு தோணுச்சு. வேலைக்குப் போயிட்டு வந்து மிச்ச நேரத்துல பண்றது, அதான் மூணு வருஷம் ஆயிடுச்சு. லேட்டானதுக்கு மன்னிச்சுக்கோங்க."

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் சோம்பேறி என்று எழுதிவிட்டுப் போன மூன்று வருடமும், எங்கேயோ மாட்டிக்கொள்ளப்போகும் யாரோ ஒருவருக்காக அவர் யோசித்துக்கொண்டு இருந்திருக்கிறார். அந்த யாரோ ஒருவர் நானாகப் போய்விட்டேன். ஓப்பன் சோர்ஸ் கூட்டத்தைப் பற்றி எனக்கு இருந்த அபிப்பிராயம், வெட்டிச் சண்டைக்காரர்கள் என்பது. உண்மையில் அங்கே வெட்டிச் சண்டை போட்டது நான்தான். மற்றவர்கள் வேலை பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

குறி உள்ளதை விட்டுவிட்டு மற்றவர்களை மட்டும் புதுக் கணக்குக்கு மாற்றும் நிரலை எழுதினேன். வாத்து ஒவ்வொரு வரியாகப் படித்து, இரண்டு இடத்தில் பிழை காட்டினார். பணிமனைக்காரர் தன் ஓட்டுநர் பட்டியலின் நகல் ஒன்றில் அதை முதலில் ஓட்டிப் பார்த்து, "எங்க ஆளுங்க எல்லாம் அவங்கவங்க நாளுக்குத் திரும்பிட்டாங்க, நீங்க தைரியமா ஓட்டுங்க" என்றார். நாலே காலுக்கு ஓட்டினேன். தம்பியும் நர்ஸும் மற்ற வேளைகளைப் பார்த்துக்கொள்கிற, அன்று விடுமுறையில் இருந்த இரண்டு பேரைப் போனில் பிடித்து, மூன்று வேளைக்கும் பெயர் பெயராகச் சரி பார்த்தார்கள். நாலு ஐம்பதுக்குத் தம்பி கூப்பிட்டான்.

"எல்லாம் சரிக்கா. தையல்காரர் திங்கள், முதல் வேளை, மூலை நாற்காலி."

"டேய், நிர்வாகி திட்டினாரா?"

"திட்டினாரு. அதை விடு. பதிவேட்டையும் கொஞ்ச நாளைக்கு எழுதிட்டு வருவோம்னு சொல்லிட்டேன். கோச்சுக்காத."

"எழுதுங்கடா. நானே வாங்கித் தரேன்." என் வாயிலிருந்து இது வந்ததை நம்பாமல், இன்னொரு தடவை சொல்லச் சொன்னான்.

ஐந்து மணிக்கு வேன்காரர்கள் பட்டியலை எடுத்துக்கொண்டார்கள். அன்று மாலையே, கேட்காமல் புதுப் பதிப்பை எடுத்துக்கொள் என்ற வரியை அழித்தேன்.

திங்கட்கிழமை ஆபீஸுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, காலை ஆறு மணிக்கு நிலையத்துக்குப் போனேன். கண்ணால் பார்க்காமல் எனக்கு ஆறாது. உள் தாழ்வாரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபோது போனில் வாத்திடமிருந்து செய்தி வந்திருந்தது. "தையல்காரர் வந்துட்டாரா?"

ஆறு இருபதுக்கு வேன் வந்தது. தையல்காரரை இரண்டு பேர் தாங்கிப் பிடித்து இறக்கினார்கள். முகம் ஊதியிருந்தது, நாலு அடிக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினார். இன்னும் ஒரு நாள் தள்ளியிருந்தால் என்று நினைக்கக்கூட எனக்குத் தெம்பில்லை. மூலை நாற்காலியில் சாய்த்து, தம்பி ஊசி குத்தி, இயந்திரத்தை ஓட விட்டான். வந்துவிட்டார் என்று வாத்துக்கு எழுதினேன்.

தம்பி தையல்காரரின் காதருகே குனிந்து, நடந்ததையெல்லாம் உரக்கச் சொன்னான். என்னைக் காட்டி, அக்காவால் வந்த வினை என்றும் சேர்த்துச் சொன்னான். அவர் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"சரி பண்ணிக் கொடுத்தவரு யாரும்மா? உங்க சொந்தக்காரரா?"

"இல்லைங்க. யாருன்னே தெரியாது. பாத்ததுகூட இல்ல" என்று நானும் அவர் காதருகே உரக்கச் சொன்னேன்.

"பாக்காத ஆளுக்காகவா பண்ணாரு?" கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் மூச்சு விட்டார். "அவருக்கு ஒரு சட்டை தைக்கணும். உடம்பு தேறட்டும். அளவு கேட்டு வாங்கி வைம்மா."

அதை அப்படியே வாத்துக்கு எழுதினேன். பதில் உடனே வந்தது. "சட்டை இருக்கட்டும்ங்க. நல்லபடியா முடிஞ்சு எழுந்திரிச்சாருன்னா மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்க."

நாலு மணி நேரம் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இருபத்திரண்டு வருடத்தில், நான் எழுதிய எதையும் யார் பயன்படுத்துகிறார்கள் என்று ஒரு தடவைகூட இப்படி உட்கார்ந்து பார்த்ததில்லை. பத்தே முக்காலுக்குத் தம்பி ஊசியை எடுத்துக் கட்டுப் போட்டான். தையல்காரர் கொஞ்ச நேரம் காலைத் தொங்கப் போட்டிருந்தார். அப்புறம் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தாங்க வந்தவர்களை வேண்டாம் என்றார். வேன் வரை நடந்தார், ஒரு தடவைகூட நிற்கவில்லை.

"எழுந்துட்டார். தானே நடந்து போறார்" என்று எழுதினேன்.

"ரொம்ப சந்தோஷம்" என்று வாத்து எழுதினார். "அப்ப நான் தூங்கப் போறேன். இங்க ராத்திரி மணி ரெண்டே முக்கால்."